கடன் சீட்டில் பிறந்த ஆண்டுக் கணக்கு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

துல்ஹஜ் மாதம் முடியும் தறுவாயில் ஹிஜ்ரிப் புத்தாண்டு வாழ்த்துகள் நம் கைப்பேசிகளை நிறைக்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகள், "நம்முடைய புத்தாண்டை நாம் எப்படி வரவேற்க வேண்டும்? நமக்கென்று ஒரு சடங்கு இல்லையா?" என்று கேட்கின்றனர். மத்ரஸாவில் பாடம் நடத்தும் நம்மிடம் இக்கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. பிள்ளைகள் மட்டுமல்லர், பெற்றோரும் கேட்கின்றனர். "கூடும்", "கூடாது" என்று ஒரு சொல்லில் விடை சொல்லி அனுப்பிவிடலாம். அதைவிட, இந்த ஆண்டுக் கணக்கு எவ்வாறு தோன்றியது என்ற வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. ஹிஜ்ரி ஆண்டை எதைக் கொண்டு வரவேற்பது என்பதை அந்த வரலாறே நமக்குச் சொல்லித் தருகிறது.

ஆண்டுக்கு எண் இல்லாத காலம்

இஸ்லாத்திற்கு முன்பும் அரபுகளிடம் பன்னிரண்டு மாதங்கள் இருந்தன. முஹர்ரம், ஸஃபர், ரபீஉல் அவ்வல் என்ற பெயர்கள் அவர்கள் அறிந்தவையே. ஆனால் ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான எண் இல்லை. பெரிய நிகழ்ச்சி ஒன்று நடந்தால் அதன் பெயரால் அவ்வாண்டைச் சொல்வார்கள். அப்ரஹாவின் யானைப்படை மக்காவை நோக்கி வந்த ஆண்டு 'யானை ஆண்டு' எனப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் பிறந்தது அந்த ஆண்டில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு 'துயர ஆண்டு' என்று வரலாற்று நூல்களில் பெயர் பெற்றது.

சிறிய ஊருக்கும் ஒட்டக வணிகருக்கும் இந்த முறை போதுமாயிருந்தது. ஒருவர் வயதை மற்றவர் அறிவார், ஒருவர் வாங்கிய கடனை ஊரே அறியும். நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்திலும் இதில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இராக்கும் ஷாம் நாடும் மதீனாவின் நிருவாகத்தின் கீழ் வந்தன. தொலைதூர மாகாணங்களுக்குக் கடிதங்கள் போயின. அங்கிருந்து வரிப்பணம் வந்தது. மக்களுக்குரிய உதவித்தொகைகள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்போதுதான் ஆண்டுக்கு எண் இல்லாத குறை வெளிப்பட்டது.

எந்த ஷஃபான்?

இது குறித்து இரண்டு அறிவிப்புகள் புகழ்பெற்றவை. பஸ்ராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள், தலைநகரிலிருந்து வரும் கடிதங்களில் தேதி இல்லை, எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய முடியவில்லை என்று கலீஃபாவுக்கு எழுதினார்கள் என்பது ஒன்று.

மற்றொன்றை மைமூன் இப்னு மிஹ்ரான் (ரஹ்) அறிவிக்கிறார். உமர் (ரலி) அவர்களிடம் ஒரு சீட்டு கொண்டுவரப்பட்டது. அதில் தவணை ஷஃபான் மாதம் என்று எழுதப்பட்டிருந்தது. எந்த ஷஃபான்? கடந்து போனதா, இப்போது நடப்பதா, இனி வரப்போவதா? சீட்டைப் பார்த்த கலீஃபா இவ்வாறு கேட்டார்கள். அதன் பின்னரே, மக்களுக்கு ஆண்டுக் கணக்கு ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசனை செய்தார்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அது கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, குறிப்பிட்ட தவணையில் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. ஆண்டு எதுவென்று தெரியாத தவணை எப்படிக் குறிப்பிட்ட தவணையாகும்? அந்தச் சீட்டைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கவலையுற்றதன் காரணம் இதனால் நமக்கு விளங்கும். கடன் கொடுத்தவரின் உரிமையும் வாங்கியவரின் உரிமையும் ஒரு தேதி இல்லாத குறையால் தடுமாறி நின்றன. அந்த உரிமைகளைக் காப்பாற்றவே ஆண்டுக்கு எண் தேவைப்பட்டது.

எதிலிருந்து எண்ணுவது?

ஆலோசனையில் பல கருத்துகள் எழுந்தன. பாரசீகரின் கணக்கைப் பின்பற்றலாம் என்றனர் சிலர். பாரசீகர் ஒவ்வொரு மன்னரின் ஆட்சியிலும் கணக்கைப் புதிதாகத் தொடங்குவர் என்பதால் அது ஏற்கப்படவில்லை. ரோமரின் கணக்கைச் சொன்னார்கள் சிலர். அதுவும் விடப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் பிறப்பு, அவர்களுக்கு நபித்துவம் கிடைத்தது, ஹிஜ்ரத், அவர்களின் மறைவு ஆகிய நான்கும் தொடக்கமாகக் கொள்ளத்தக்க நிகழ்ச்சிகளாக முன்வைக்கப்பட்டன.

ஹிஜ்ரத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை முன்மொழிந்தவர் அலீ (ரலி) அவர்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. பிறப்பும் நபித்துவமும் எந்த ஆண்டில் நிகழ்ந்தன என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, மறைவின் நினைவோ துயரத்தைத் தருவது, ஆகவே ஹிஜ்ரத் எஞ்சியது என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) விளக்கம் தருகிறார்கள். இது ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் நடந்தது என்பதே பரவலான கருத்து. 16 என்றும் 18 என்றும் சொல்வோர் உளர்.

ஆண்டின் முதல் மாதம் எது என்பதிலும் ஆலோசனை நடந்தது. ரமளானைச் சொன்னவர்கள் இருந்தார்கள். முஹர்ரம் தேர்வாயிற்று. ஹஜ்ஜை முடித்து மக்கள் ஊர் திரும்பும் காலம் அது, மேலும் புனிதமாக்கப்பட்ட நான்கு மாதங்களுள் ஒன்று.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை அடைந்தது முஹர்ரம் மாதத்தில் அன்று, ரபீஉல் அவ்வல் மாதத்தில். அது கி.பி. 622ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஹிஜ்ரி முதல் ஆண்டின் முஹர்ரம் முதல் நாளோ அதே ஆண்டு ஜூலை 16 என்று கணக்கிடப்படுகிறது. ஆக, முஹர்ரம் முதல் நாள் ஹிஜ்ரத் நடந்த நாளின் நினைவு விழா அன்று. ஸஹாபாக்கள் அந்நாளை விழாவாகக் கொண்டாடியதுமில்லை. மக்களின் கொடுக்கல் வாங்கல் சீராக நடப்பதற்காக அவர்கள் வகுத்த கணக்கின் முதல் பக்கம் அது.

ஹிஜ்ரத்திலும் ஒரு கணக்கு

அடிப்படையாகக் கொள்ளப்பட்ட ஹிஜ்ரத்தை நாம் பெரும்பாலும் குகையின் வழியாகவும் சிலந்தியின் வழியாகவும் நினைவுகூர்கிறோம். அப்பயணத்தினுள் இருந்த கொடுக்கல் வாங்கலை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மக்காவில் பொருளைப் பத்திரப்படுத்த நினைப்போர் அதை நபி (ஸல்) அவர்களிடமே ஒப்படைத்தனர். 'அல்அமீன்' என்று அவர்களை அழைத்தவர்கள் அம்மக்களே. மார்க்கத்தை ஏற்காதவர்களும், ஊரைவிட்டு விரட்டத் துணிந்தவர்களும் தங்கள் அமானிதங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. கொலைச்சதி நடந்த இரவில் நபி (ஸல்) அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது, அந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் மக்காவில் தங்கி, ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொடுத்து முடித்த பின்னரே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) பதிவு செய்துள்ளார். முஹாஜிர்கள் பலர் தங்கள் வீடுகளையும் பொருள்களையும் மக்காவில் விட்டுவிட்டு வந்தவர்கள். எதிரிகளின் பொருளை ஈடாக வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இல்லை. எனினும் ஒரு பொருளும் வைத்துக்கொள்ளப்படவில்லை.

அபூபக்ர் (ரலி) அவர்கள் பயணத்திற்காக இரண்டு ஒட்டகங்களைத் தீனி போட்டு வளர்த்து வைத்திருந்தார்கள். ஒன்றை நபி (ஸல்) அவர்களுக்கு அன்போடு கொடுக்க முன்வந்தபோது, விலைக்குத்தான் பெற்றுக்கொள்வேன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது உள்ளது. உயிருக்கு ஆபத்தான நேரம், கொடுப்பவரோ நெருங்கிய தோழர். அந்த நிலையிலும் விலை பேசப்பட்டது.

மதீனாவை அடைந்ததும் பள்ளிவாசலுக்கு இடம் தேவைப்பட்டது. பேரீச்சம் பழங்களை உலர்த்தும் களமாக இருந்த அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் அதை அன்பளிப்பாகவே தர விரும்பினர். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். இன்று உலகெங்குமிருந்து முஸ்லிம்கள் சென்று தொழும் மஸ்ஜிதுந் நபவி, அநாதைகளின் நிலத்திற்கு உரிய விலை கொடுத்த பிறகு எழுந்த பள்ளிவாசல்.

ஆக, ஹிஜ்ரத்தின் தொடக்கத்தில் அமானிதம் திரும்பக் கொடுக்கப்பட்டது, வழிப்பயணத்துக்கான வாகனம் விலைக்கு வாங்கப்பட்டது, போய்ச் சேர்ந்த ஊரில் நிலத்துக்கு விலை கொடுக்கப்பட்டது. கடன் சீட்டு ஒன்றினால் தேவைப்பட்ட ஆண்டுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறென்ன இருக்க முடியும்?

அறுபத்தைந்து ஆடுகளுக்கு ஒரு ரசீது

புதிய ஆண்டுக் கணக்கு மிக விரைவில் பழக்கத்துக்கு வந்தது என்பதற்குச் சான்று ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. எகிப்தின் இஹ்னாஸ் பகுதியைச் சேர்ந்த பாப்பிரஸ் தாள் அது. ஆண்டு குறிக்கப்பட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய அரபு ஆவணங்களுள் ஒன்று. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டுள்ள அதில், ஜுமாதல் ஊலா, ஆண்டு 22 என்று தேதி உள்ளது. அது கி.பி. 643ஆம் ஆண்டு. 'ஹிஜ்ரி' என்ற சொல் அதில் இல்லை. ஆண்டு 22 என்றாலே அன்று விளங்கிவிட்டது.

அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? போர் வெற்றியின் புகழ்ச்சி இல்லை. முஸ்லிம் படைப்பிரிவு ஒன்று உள்ளூர் கிறிஸ்தவ அதிகாரிகளிடமிருந்து ஐம்பது ஆடுகளையும் மேலும் பதினைந்து ஆடுகளையும் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது. வென்றவர்கள், வெல்லப்பட்டவர்களிடம் வாங்கியதை எண்ணி, தேதியிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மதீனாவில் ஆண்டுக் கணக்கு முடிவாகிச் சில ஆண்டுகளுக்குள், எகிப்தின் ஒரு மூலையில் அது வகுக்கப்பட்ட நோக்கத்திற்கே பயன்பட்டிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் கடைசிக் கணக்கு

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தின் இறுதி வாரம். ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபின், தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தம்மீதுள்ள கடன் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்கள். கணக்கிட்டபோது அது 86,000 அல்லது அதற்கு நெருக்கமாக இருந்தது. முதலில் தம் குடும்பத்தாரின் சொத்திலிருந்து அதை அடைக்க வேண்டும், போதாவிட்டால் தம் கிளையாரான பனூ அதீ இடம் கேட்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் குறைஷியரிடம் கேட்க வேண்டும், அதற்கு அப்பால் செல்லக்கூடாது என்று வரிசைப்படுத்தியும் சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. பாரசீகத்தின் கருவூலம் வந்து சேர்ந்த ஊரில் இருந்த ஆட்சியாளர், தம் கடனுக்கு பைத்துல் மாலை நோக்கிக் கை நீட்டவில்லை.

ஹிஜ்ரி 24, முஹர்ரம் முதல் நாள் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பது புகழ்பெற்ற அறிவிப்பு. அது கி.பி. 644ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அடக்கம் செய்யப்படும் முன்பே மகனார் இப்னு உமர் (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்றுச் சாட்சிகளை வைத்தார்கள் என்றும், ஒரு வாரம் கடப்பதற்குள் முழுத்தொகையையும் புதிய கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் கொண்டு சேர்த்து, கடன் தீர்ந்ததற்குச் சாட்சிகளை முன்னிறுத்தினார்கள் என்றும் இப்னு ஸஅத் (ரஹ்) தம் 'தபகாத்' நூலில் எழுதுகிறார்கள்.

ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தியவரின் வீட்டில், ஆண்டு முடியும் நாட்களில் கடன் எண்ணப்பட்டது. புதிய ஆண்டின் முதல் நாட்களில் அது அடைக்கப்பட்டது. புத்தாண்டை வரவேற்க முன்மாதிரி தேடுவோர் இந்த வீட்டைப் பார்க்கட்டும்.

பதினொரு நாள் வேறுபாடு

நம் அன்றாட வாழ்வில் ஹிஜ்ரி ஆண்டு ஏன் தேவை என்று கேட்போருக்கு ஜகாத் ஒன்றே போதுமான விடை. பிறைகள் மக்களுக்குக் காலத்தை அறிவிப்பவை என்று அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. பிறை ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஜகாத் கடமையாவது பிறை ஆண்டு ஒன்று நிறைவடைந்தால்தான். ஒருவர் கடைக் கணக்கை மார்ச் 31இல் முடித்து, அதே தேதியில் ஆண்டுதோறும் ஜகாத் கொடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்து மூன்று ஆங்கில ஆண்டுகளில் முப்பத்து நான்கு பிறை ஆண்டுகள் கடந்துவிடும். முப்பத்து மூன்று முறை ஜகாத் கொடுத்த அவர்மீது ஓர் ஆண்டின் ஜகாத் அப்படியே நிலுவையில் நிற்கும். அது ஏழைகளின் பங்கு. ஆங்கிலக் கணக்கை விடவே முடியாத நிறுவனங்கள், 2.5 விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.577 விழுக்காடு கணக்கிட வேண்டும் என்று இக்கால அறிஞர்கள் கூறுவது இதனால்தான்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மக்களிடம், இது உங்கள் ஜகாத்தின் மாதம், கடன் உள்ளவர் முதலில் கடனை அடைத்துவிட்டு, எஞ்சிய பொருளுக்கு ஜகாத் கொடுக்கட்டும் என்ற கருத்தில் அறிவிப்பது வழக்கம் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. அம்மாதத்தின் பெயர் அதில் இல்லை. ரமளான் என்றும் முஹர்ரம் என்றும் அறிஞர்கள் கருத்துரைத்துள்ளனர். ஜகாத் வசூலிப்போர் முஹர்ரம் மாதத்தில் வசூலிப்பதைத் தாம் விரும்புவதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சொல்லியுள்ளார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. எனினும் ஒருவர் நிஸாப் அளவுப் பொருளுக்கு உரிமையாளரான நாளிலிருந்தே அவருடைய ஆண்டு தொடங்குகிறது. அது ரஜபில் நிறைவடைந்தால், முஹர்ரம் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

நமக்கென ஒரு வழக்கம்

இனி, பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். இந்நாளில் இந்தத் தொழுகையைத் தொழுதால் இத்தனை நன்மை என்று ஆதாரமின்றி நாமாக வகுப்பதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. வணக்கம் என்பது கற்றுத் தரப்பட்டது. முஹர்ரமில் நமக்குக் கற்றுத் தரப்பட்டதே போதுமானது. ஒவ்வொரு மாதப் பிறையைக் கண்டதும் ஓதும் துஆ இருக்கிறது. மாதமோ ஆண்டோ தொடங்கும்போது ஓதும் துஆ ஒன்றை ஸஹாபாக்கள் கற்றுக்கொண்டார்கள் என்ற அறிவிப்பை இமாம் தபரானீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ரமளானுக்குப் பின் சிறந்த நோன்பு முஹர்ரமின் நோன்பு என்பது நபிமொழி. ஒன்பதாம் நாளையும் சேர்த்து ஆஷூரா நோன்பு நோற்பது சுன்னத்.

ஆஷூரா நோன்பு கடந்த ஆண்டின் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்ற நற்செய்தியை நாம் மகிழ்வோடு மேடைகளில் சொல்கிறோம். பிறருடைய உரிமை அதனால் தீராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். ஷஹீதின் பாவங்கள் அனைத்தும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்பது முஸ்லிம் நூலில் உள்ள நபிமொழியின் கருத்து. உயிரைக் கொடுத்தவருக்கே கடன் தள்ளுபடியாகவில்லை என்றால், இரண்டு நாள் நோன்பு நோற்ற நமக்கு எப்படித் தள்ளுபடியாகும்?

ஆகவே, ஆண்டைத் தொடங்க நமக்கென ஒரு வழக்கம் வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். துல்ஹஜ்ஜின் கடைசி வாரத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பின் வீட்டார் ஒன்றாக அமரட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். உறவினரிடம் வாங்கிய கைமாற்று, மளிகைக் கடைப் பாக்கி, வேலையாளின் நிலுவைக் கூலி எல்லாம் அதில் வரட்டும். மஹரை இன்னும் கொடுக்காத கணவர், அதை மனைவிக்குரிய கடனாகவே அதில் எழுதட்டும்.

அடுத்து அமானிதங்கள். வளைகுடாவில் உழைக்கும் தம்பி அனுப்பி வைத்த பணம், பக்கத்து வீட்டார் பத்திரமாக வைக்கச் சொன்ன நகை, பள்ளிவாசலுக்கென வசூலித்துக் கையில் இருக்கும் தொகை. இவற்றுள் மிகவும் மறக்கப்படுவது சகோதரிகளின் பங்கு. வாப்பா மவ்த்தாகிப் பல ஆண்டுகள் கடந்தும் சொத்து பிரிக்கப்படாத வீடுகள் நம்மிடையே எத்தனை! "லாத்தா கேட்கவில்லையே" என்று சொல்லும் சகோதரர்கள், அலீ (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் மக்காவில் தங்கியது கேட்டவர்களுக்குக் கொடுக்கவா, உரியவர்களுக்குக் கொடுக்கவா என்று சிந்திக்கட்டும். மக்கத்து எதிரியின் பொருளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, கூடப் பிறந்தவளின் பங்குக்குக் கிடைக்க வேண்டாமா?

பின்னர் நமக்கு வர வேண்டியவை. தருவதற்கு வழியில்லாதவருக்கு அவகாசம் கொடுங்கள், இயன்றால் விட்டுவிடுங்கள். அதுவே சிறந்தது என்று குர்ஆன் கூறுகிறது. இறுதியாக ஜகாத் கணக்கும் வஸிய்யத்தும். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற நபிமொழியை அறிவிப்பவர், தந்தையின் கடனை ஒரு வாரத்தில் அடைத்த அதே இப்னு உமர் (ரலி) அவர்கள்.

இதைப் புதியதொரு வணக்கமாக எவரும் எண்ண வேண்டாம். கடனை அடைப்பதும் அமானிதத்தைச் சேர்ப்பதும் எல்லா நாட்களிலும் கடமை. இன்று கொடுக்க முடிந்ததை முஹர்ரம் வரை வைத்திருப்பது குற்றமாகிவிடும். மறதிக்கு மருந்தாக ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறோம், அவ்வளவே. நாளைக்காக எதை முற்படுத்தி அனுப்பினோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் கட்டளை. பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கட்டும். தம் வாப்பா ஒரு கடனைத் தீர்த்து அந்த வரியை அடிப்பதைக் கண்ட பிள்ளை, ஹிஜ்ரி ஆண்டு எதற்காக ஏற்பட்டது என்பதை மறக்காது.

பிறருடைய உரிமை எதுவும் நம் கழுத்தில் தொங்காத நிலையில் புதிய ஆண்டினுள் நுழையவும், அதே நிலையில் அவனைச் சந்திக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.